திருநெல்வேலி வெயிலில் ஓவர்கிளாக்: எந்தக் கூலர் வாங்கலாம்?

கேமிங் கம்ப்யூட்டர் கட்டப்போகிற பிள்ளைகள் கூலர் பற்றி விசாரிக்கும்போது ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். "240 லிக்விட் போதுமாண்ணே, 360 போடணுமா?" லிக்விட் என்பது தண்ணீரில் ஓடும் கூலர், எண் அதன் அளவு. பதில் சொல்லுமுன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மே மாதம், மதியம் மூன்று மணிக்கு, உன் அறையில் சூடு எத்தனை டிகிரி? பெரும்பாலும் பதில் வராது. கூலர் தேர்வில் பாதி அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அன்றைக்கு எந்த ஊரில் வெயில் அதிகம் என்று கோடையில் தினமும் வரும் பட்டியலில் பாளையங்கோட்டை அடிக்கடி இருக்கும். 40 டிகிரியைத் தொடுவது இங்கே அதிசயமில்லை. மேல்மாடியில் மேற்குச் சுவரை ஒட்டிய அறை என்றால், சீலிங் ஃபேன் சுற்றினாலும் உள்ளே 36, 37 டிகிரி சாதாரணமாக நிற்கும்.

இது ஏன் முக்கியம்? கம்ப்யூட்டருக்குள் போடுகிற எந்தக் கூலரும், அது காற்றில் ஓடினாலும் தண்ணீரில் ஓடினாலும், சூட்டை அழிப்பதில்லை. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரில் பிறக்கும் சூட்டை எடுத்து அறைக் காற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். அறைக் காற்று 37 டிகிரி என்றால் ப்ராசஸரை 37க்குக் கீழே கொண்டுவர இவற்றால் முடியவே முடியாது. அதனால் "இந்தக் கூலர் போட்டால் 75 டிகிரி" என்று யாராவது சொன்னால் அந்த எண் தனியாக ஒரு பொருளும் தராது. அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் கணக்கு. குளிர்நாட்டில் 22 டிகிரி அறையில் சோதித்து 78 என்று காட்டினால், கூடுதல் 56. அதே கூலர், அதே ப்ராசஸர், அதே வேலை. நம் 37 டிகிரி அறையில் 56ஐக் கூட்டினால் 93. அங்கே நிம்மதியாக ஓடியது இங்கே விளிம்பில் நிற்கும். வாங்குமுன் எந்தச் சோதனையைப் பார்த்தாலும் முதலில் அறை வெப்பநிலை என்ன என்று தேடுங்கள். அதைச் சொல்லாத சோதனையை நம்பிப் பணம் போடாதீர்கள்.

சரி, ஓவர்கிளாக் என்றால் என்ன, அது ஏன் இவ்வளவு சூட்டைக் கிளப்புகிறது என்று பார்ப்போம். ப்ராசஸர் ஒரு நொடியில் எத்தனை தடவை துடிக்கிறது என்பதைத்தான் கிகாஹெர்ட்ஸில் சொல்கிறார்கள். தயாரித்தவர் வைத்த வேகத்தைத் தாண்டி நாமே அதை ஏற்றுவது ஓவர்கிளாக். வேகத்தை மட்டும் ஏற்றினால் ஓரளவுக்குமேல் ப்ராசஸர் தடுமாறும், நீலத்திரை வரும், விளையாட்டு பாதியில் வெளியே தள்ளும். அதைத் தாங்க வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கும். சூடு பிடிப்பது இந்த இடத்தில்தான். ப்ராசஸர் வேலைசெய்யும்போது இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். வேகத்தை 5 சதவீதம் ஏற்ற வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.05ஐ 1.1ஆல் இரண்டு தடவை பெருக்குங்கள், 1.27 வரும். 5 சதவீத வேகத்துக்காக 27 சதவீதம் கூடுதல் சூடு. ஓவர்கிளாக்கில் கடைசிச் சில மெகாஹெர்ட்ஸ் எப்போதும் இப்படித்தான், கிடைப்பதைவிடக் கொடுப்பது அதிகம்.

எல்லா ப்ராசஸரையும் இப்படி ஏற்ற முடியாது. இன்டெல்லில் பெயரின் கடைசி எழுத்துகளில் 'கே' இருக்க வேண்டும், ப்ராசஸரை மாட்டும் பலகையான மதர்போர்டு 'இசட்' வகையாக இருக்க வேண்டும். ஐ5-12400எஃப் வாங்கிவிட்டு ஓவர்கிளாக்குக்கென்று பெரிய லிக்விட் கூலர் தேடுவது வீண் செலவு. ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வரும். ஆனால் மதர்போர்டு 'பி' அல்லது 'எக்ஸ்' வகையாக இருக்க வேண்டும், ஏ620 போர்டில் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு இரண்டு கம்பெனியும் வாரண்டி தருவதில்லை என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய ப்ராசஸர்கள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே தம்மால் முடிந்த உச்சம் வரை தாமே ஏறிக்கொள்கின்றன. கோர் ஐ9-14900கே என்பதன் அடிப்படைக் கணக்கு 125 வாட், உச்சம் 253 வாட். வரம்பை எடுத்துவிட்டால் 300 வாட்டையும் தாண்டும். ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை இழுக்கும். மறுபக்கம், ரைசன் 5 7600 எவ்வளவு முட்டினாலும் 88 வாட்டோடு நின்றுவிடும். கேமிங்குக்குப் பெயர்போன ரைசன் 7 7800எக்ஸ்3டி விளையாடும்போது 100 வாட்டைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே பெட்டியில் 'கேமிங்' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூலரின் அளவை முடிவுசெய்யக் கூடாது. உங்கள் ப்ராசஸரின் உச்ச வாட் எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ப்ராசஸர் தாங்கும் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு 100 டிகிரி, ரைசன் 7000 வரிசைக்கு 95, 7800எக்ஸ்3டிக்கு 89. அந்த எல்லையைத் தொட்டால் ப்ராசஸர் உடனே எரிந்துபோகாது. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஏற்றிய வேகத்தை அதுவே இறக்கிவிடும். அப்போது விளையாட்டு விட்டுவிட்டு இழுப்பது போலத் தெரியும். சூட்டைவிட நான் அதிகம் பயப்படுவது வோல்டேஜுக்குத்தான். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைதடுமாறி, கம்பெனியே அதை ஒப்புக்கொண்டு, ப்ராசஸருக்குள் ஓடும் நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தம் கொடுத்து, வாரண்டியை 2 வருடம் நீட்டியது. எவ்வளவு நல்ல கூலர் போட்டாலும் அதிக வோல்டேஜ் செய்யும் சேதத்தை அது தடுக்காது.

இனி கூலர்களுக்கு வருவோம். காற்றில் ஓடும் டவர் கூலரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் ஒரு தட்டு, அதிலிருந்து மேலே போகும் செப்புக் குழாய்கள், குழாய்களில் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள், பக்கத்தில் ஒரு ஃபேன். அந்தக் குழாய்கள் கெட்டியான செம்பு இல்லை. உள்ளே கொஞ்சம் நீர், காற்றை உறிஞ்சி எடுத்த குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ப்ராசஸர் பக்கம் சூடு பட்டதும் நீர் ஆவியாகி மேலே ஓடும், தகடுகள் இருக்கும் குளிர்ந்த பக்கத்தில் மறுபடி நீராகும், குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பிவரும். இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி பட்டுத் துளித்துத் துளித்து விழுகிறதே, அதே வேலை. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. கெட்டுப்போக அதில் இருப்பது ஃபேன் ஒன்றுதான். அதையும் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். வெயிலும் தூசியும் உள்ள ஊரில் இது சாதாரண நன்மை இல்லை.

டவர் கூலரில் ஒற்றை, இரட்டை என்று இரண்டு வகை. டீப்கூல் ஏகே400 போன்ற ஒற்றை டவர், 100 வாட்டைச் சுற்றி இழுக்கும் ப்ராசஸருக்கு நம் வெயிலிலும் போதும். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலைசெய்யும் பகுதி. ஆறு கோர், எட்டு கோர் ப்ராசஸரை மிதமாக ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கு இரட்டை டவர் வேண்டும். டீப்கூல் ஏகே620, நாக்டுவா என்எச்-டி15 எல்லாம் அந்த வகை. வாங்குமுன் அளவுப் பட்டையை எடுங்கள். ஏகே400 உயரம் 155 மில்லிமீட்டர், ஏகே620 160, என்எச்-டி15 165. கேபினட் விவரத்தில் 'கூலர் உயரம்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது 160 என்றால் 165 உயரக் கூலரை மாட்டிவிட்டுப் பக்கக் கதவை மூட முடியாது. ரேம் குச்சிகளில் உயரமான அலங்காரத் தகடு இருந்தால் முன்பக்க ஃபேன் இடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிக்விட் கூலரில் ப்ராசஸர்மேல் உட்காரும் தட்டு சூட்டை வாங்கிக்கொள்ளும், பம்ப் அதைத் திரவத்தோடு குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே ஃபேன்கள் அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும். 240 என்றால் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன், 280 என்றால் இரண்டு 140, 360 என்றால் மூன்று 120. இதன் பலம் ரேடியேட்டரின் பரப்பில் இருக்கிறது. 250 வாட் சூட்டை ப்ராசஸர்மேல் உட்கார்ந்த ஒரு கட்டியில் இறக்கிவைப்பது கடினம், மூன்று ஃபேன் நீளத்துக்குப் பரப்பி இறக்குவது எளிது. தண்ணீர் சூடாவதற்கு நேரம் எடுக்கும் என்பதால் திடீரென்று ஏறும் சூட்டையும் அது கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். 240 லிக்விட் ஒரு நல்ல இரட்டை டவரைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை என்பது என் முடிவு. பணம் தண்ணீரில்தான் போக வேண்டுமென்றால் 280இலோ 360இலோ போகட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் ஒரு நாள் நிற்கும். நின்ற கொஞ்ச நேரத்தில் ப்ராசஸர் எல்லையைத் தொடும். குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறையும், இந்த வகையில் பெரும்பாலானவற்றை மறுபடி நிரப்பவும் முடியாது. ஐந்தாறு வருடம் கழித்து இன்னொன்று வாங்கத் தயாராக இருக்க வேண்டும். மாட்டும்போது கவனிக்க வேண்டியது, பம்ப் மொத்த அமைப்பிலும் உயரமான இடத்தில் இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று மேலே போய்த் தங்கும். மேலே பம்ப் இருந்தால் அது காற்றைக் குடித்துக் கலகலவென்று சத்தம் போடும், சீக்கிரம் தேயும். ரேடியேட்டரை கேபினட்டின் மேல்தட்டில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

தனித்தனியாகக் குழாய், பம்ப், தொட்டி வாங்கி நாமே கோக்கும் கஸ்டம் லூப் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம். அப்படியும் ஆசை விடவில்லை என்றால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு அருமையாக இருந்தாலும் கம்ப்யூட்டருக்குள் ஊற்றக் கூடாது. கரைந்திருக்கும் உப்புகள் படியும், பாசி பிடிக்கும். அதற்கென்று விற்கும் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே லூப்பில் சேரவும் கூடாது, அலுமினியம் அரித்துப்போகும்.

இவ்வளவு பேசினாலும், பலருடைய கம்ப்யூட்டரில் சூட்டுக்குக் காரணம் கூலரே இல்லை, கேபினட்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு, காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. இதற்குள் 360 ரேடியேட்டரைத் திணித்து என்ன பயன்? சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கேமை அரைமணி நேரம் ஓட்டிச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அரைமணி ஓட்டுங்கள். ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால் கூலரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பெட்டிக்குத்தான் மூச்சு முட்டுகிறது. முன்பக்கம் வலை வைத்த கேபினட், முன்னால் இரண்டு மூன்று ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. தொடங்குகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு போதும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழைவது குறையும்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதில் குழப்பம் வந்தால், சட்டகத்தின் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியே வரும். சந்தேகம் தீரவில்லையா, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி முன் வலைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை நேராக உள்ளே இழுபட்டு, உள்ளே கிராபிக்ஸ் கார்டுக்கு மேலே சாய்ந்து, பின் ஃபேன் வழியாக நூலாக வெளியே வர வேண்டும். கார்டுக்குக் கீழே சுழன்று தேங்கி நின்றால் அங்கே சூடும் தேங்குகிறது என்று அர்த்தம். அந்தக் கிராபிக்ஸ் கார்டையும் மறந்துவிடக் கூடாது. விளையாடும்போது ப்ராசஸரைவிட அதுதான் அதிகம் சூட்டைக் கக்கும்; ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200 வாட், 4090 என்றால் 450 வாட். ப்ராசஸர் கூலருக்குக் கிடைப்பது அந்தக் கார்டு சூடாக்கிய காற்றுதான்.

அறைக்கு வருவோம். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் மொத்தமாக 450 வாட் இழுக்கிறது என்றால், அந்த 450 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்துசேரும். கூலர் பெரிதானால் இது குறையாது. ஒரு டன் ஏசி அகற்றும் சூடு சுமார் 3,500 வாட். அதில் எட்டில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டரே சாப்பிட்டுவிடும். ஏசி இல்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் விளையாடினால் அறையே இரண்டு மூன்று டிகிரி ஏறும், ப்ராசஸரும் அதே அளவு ஏறும். ஜன்னலைத் திறந்து, பின்பக்கச் சூடு வெளியே போகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போட்டாலே வித்தியாசம் தெரியும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரைக் கேபினட்டுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டாம். அது ஈரத்தையும் சிறு துளிகளையும் சேர்த்தே வீசும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு பிரச்சினை. கடல் பார்த்த ஜன்னலோரத்தில் பெட்டியை வைத்தால் திருகுகளும் இணைப்புகளும் துருப்பிடிக்கும்.

அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கேம் நடுவே கரண்ட் போய் ஃபேன் நின்றால் உள்ளே சூடு ஏறி ப்ராசஸர் போய்விடுமா? போகாது. ஃபேன் நிற்கும் அதே நொடியில் சூடு பிறப்பதும் நின்றுவிடும். யுபிஎஸ் வாங்குவது நல்லதுதான், ஆனால் அது உங்கள் ஃபைல்களுக்காக.

கூலரை மாட்டும்போது அடித்தட்டில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். "புதுக் கூலர், 95 டிகிரி காட்டுதுண்ணே" என்று கொண்டுவரும் பெட்டிகளில் அந்தத் தாள் அப்படியே வெந்துபோய் ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் பெரும்பாலான ப்ராசஸருக்குப் போதும், அழுத்தத்தில் தானே பரவும். அதன் வேலை இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான், தடிமனாகப் பூசினால் அதுவே தடையாகும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு என்னிடம் கேட்டால், நம் ஊருக்கு என் யோசனை இதுதான். கேமிங்குக்கு ஆறு அல்லது எட்டு கோர் ப்ராசஸர், அதற்கு ஒரு நல்ல இரட்டை டவர், மிச்சப்படும் பணத்தில் வலை வைத்த கேபினட்டும் இரண்டு ஃபேனும். ஐ9, ரைசன் 9 வாங்கி ஏசி இல்லாத அறையில் ஓட்டுகிறவர்கள் 360 லிக்விட்டுக்குப் போகலாம், ஆனால் அப்போதும் வாட் வரம்பைப் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், கட்டிவையுங்கள். 253 வாட்டை 180க்கு இறக்கினால் கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது, சூடு பளிச்சென்று இறங்கும். ரைசன் வைத்திருப்பவர்கள் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் மைனஸ் 10இல் தொடங்கி மெல்ல இறக்கிப் பாருங்கள். வோல்டேஜ் குறையும், சூடு குறையும், பல சமயம் வேகம் ஏறவும் செய்யும். பைசா செலவில்லாத கூலர் இது. இதைச் செய்து பார்க்காமல் யாரும் பெரிய கூலர் வாங்கப் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எல்லாம் மாட்டியபின் சோதனை. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு, ப்ராசஸரை முழுசாக வேலைவாங்கும் சினிபெஞ்சை ஓட்டுங்கள். டவர் கூலருக்குப் பத்து நிமிடம் போதும். லிக்விட் என்றால் அரைமணி ஓட்ட வேண்டும், திரவம் முழுசாகச் சூடேற அவ்வளவு நேரம் ஆகும். ஐந்து நிமிடத்தில் காட்டும் எண் பொய்யாக அழகாக இருக்கும். இரவு பத்து மணிக்குச் சோதிக்காமல் மதியம் சோதியுங்கள். ஐப்பசி மழையில், அறை 27 டிகிரி இருக்கும்போது உச்ச வேகத்தைத் தேடிப் பிடித்து, 88 டிகிரியில் நிற்கிறது என்று சந்தோஷப்பட்டால், கத்திரியில் அறை 37 ஆகும்போது அதே அமைப்பு 98ஐத் தொடும். பெரும்பாலான மதர்போர்டுகள் பயாஸ் அமைப்புகளைத் தனித்தனியாகச் சேமிக்க விடும். கோடைக்கு ஒன்று, மழைக்கும் சாரலுக்கும் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் மேற்கே இருந்து காற்று கிளம்பியதும் தூசி வேலையைத் தொடங்கிவிடும். கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் உங்கள் கேபினட் வலைக்கும் மண்ணைக் கொண்டுவருகிறது. செம்மணல் மேடுகளான தேரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் செம்மண் கேட்கவே வேண்டாம். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி ஒரு படலமாகப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். அந்தக் காற்று ஓயும் வரை மாதம் ஒரு தடவை வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். தகடுகளில் புளோயரால் ஊதும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேன் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சும்மா விட்டால் அது தாங்கும் வேகத்தைத் தாண்டிச் சுழன்று பேரிங் கெட்டுவிடும்.